வளைந்தவரா, வளைந்து கொடுத்தவரா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வு பெற்ற உங்கள் அலுவலகக் கண்காணிப்பாளருக்கு நீங்கள் வாழ்த்து மடல் எழுதினீர்கள். அதில் "எல்லோரிடமும் வளைந்து கொடுத்துப் போனவர்" என்று ஒரு வரி. மேடையில் அதை வாசித்தபோது அவர் முகம் வாடிவிட்டது. அகராதியைப் பார்த்தால் வளைந்து கொடுப்பவர், இணக்கமானவர், பணிவானவர், அடக்கமானவர், நெகிழ்வானவர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருளாகவே போட்டிருக்கிறது, அப்படியிருக்க எங்கே தப்பு நடந்தது என்று கேட்கிறீர்கள். கூடவே, பள்ளிப் பாடத்தில் உலோகங்களுக்குச் சொல்லும் தகடாகும் தன்மை, கம்பியாகும் தன்மை போன்றவற்றை மனிதருக்கும் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, இந்தச் சொற்களில் எது பாராட்டு, எது பழி, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இருபத்தாறு வருடமாக மெய்ப்புத் திருத்துவதும் பிறர் எழுத்தைச் செப்பனிடுவதும் என் வேலை. அப்பா தங்க வேலை செய்த ஆசாரி. அதனால் உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும் எனக்கு வீட்டுச் சமாச்சாரம் மாதிரி. இலக்கணத்தைப் பற்றியும் உலோகத்தைப் பற்றியும் கீழே சொல்வதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்தச் சொல் யார் காதில் எவ்வளவு உறுத்தும் என்று சொல்வது மட்டும் என் அனுபவத்தை வைத்துத்தான். நான் தஞ்சைப் பக்கத்து ஆள். கொங்கிலோ நெல்லையிலோ தொனி கொஞ்சம் மாறலாம். ஈழத்து எழுத்தில் 'இணக்கப்பாடு' என்றால் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட உடன்பாடு. இங்கே அந்தச் சொல்லை நாம் அவ்வளவாக எடுப்பதில்லை. ஊருக்கு ஊர் இப்படி உண்டு.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தது ஞாபகம் இருக்கும். தானே செய்வது தன்வினை, பிறரை அல்லது பிறிதொன்றைச் செய்ய வைப்பது பிறவினை. இந்த விஷயத்தில் தமிழ் அங்கேதான் தன் கணக்கை வைத்திருக்கிறது. கம்பி வளைந்தது, கம்பியை வளைத்தான். பணிந்தான், பணித்தான். அடங்கினான், அடக்கினான். மடங்கியது, மடக்கினான். இணங்கினார், இணக்கினார். ஒடுங்கினார்கள், ஒடுக்கினார்கள். மெல்லின எழுத்து வல்லினமாக மாறும் அந்த ஓர் இடத்தில், செயல் யார் கையில் இருக்கிறது என்பதே மாறிவிடுகிறது. 'பணிந்தவர்' தானே தலை தாழ்த்தியவர். 'பணித்தவர்' கட்டளையிட்டவர். வேறு எதையும் தொடாமல் ந் இருந்த இடத்தில் த் வைத்தால் ஊழியர் அதிகாரியாகிவிடுகிறார். ஆகவே ஒருவர் எவ்வளவு எளிதில் வளைவார் என்று பேச வரும்போது, தமிழ்க் காது முதலில் தேடுவது 'எவ்வளவு' என்பதை அல்ல. வளைத்த கை யாருடையது என்பதைத்தான் தேடுகிறது.

சிக்கல் பெயர்ச்சொல்லில் வருகிறது. அடங்கு என்பதிலிருந்து வரும் பெயர் 'அடக்கம்'. வணங்கு என்பதிலிருந்து 'வணக்கம்', இணங்கு என்பதிலிருந்து 'இணக்கம்'. வினையில் இருந்த மெல்லினம் பெயரில் வல்லினமாகிவிடுவதால், தானாகச் செய்ததா, பிறர் செய்வித்ததா என்பது பார்வைக்கு மறைந்துபோகிறது. பொருளளவில் அடக்கம் என்பது தன்னைத் தானே அடக்கிக்கொள்வது. பிறர் அடக்குவதற்கு 'அடக்குமுறை' என்று தனிச்சொல் வைத்திருக்கிறோம். ஆனாலும் "அடக்க ஒடுக்கமான பெண்" என்று வரன் பார்க்கும் விளம்பரத்தில் வரும்போது, அது அவளே அடங்கியதா, அடக்கி வைத்ததா என்ற கேள்வியை அந்த வார்த்தை எழவே விடுவதில்லை. இது எனக்கு வருத்தம் தருகிற இடம். அதனால்தான் ஒருவரின் குணத்தைப் பற்றி எழுத வருகிறவர்களிடம் நான் பெயர்ச்சொல்லைக் குறைத்து வினையில் எழுதச் சொல்வேன். வினையில் எழுதினால் செய்தவர் யார் என்று ஒளிக்க முடியாது.

வணக்கம் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பதும் வளைவுதான். குறள் 827 அதை வெளிச்சம் போட்டுக் காட்டும்: "சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்." பகைவர் பணிவாகப் பேசினால் நம்பாதே, வில் வளைவது அம்பு விடத்தான் என்கிறது. சொல்லின் வளைவுக்கும் வில்லின் வளைவுக்கும் ஒரே சொல். வளைகிற எல்லாம் நம் வசத்துக்கு வந்துவிட்டதாக எண்ணாதே என்ற எச்சரிக்கை ஏழே சீரில் இருக்கிறது. இன்னொரு பக்கம் குறள் 978, "பணியுமாம் என்றும் பெருமை" என்று தொடங்குகிறது. அங்கே பணிவது பெரியவரின் அடையாளம். இரண்டும் வளைவுதான். ஒன்றை நம்பக் கூடாது, மற்றதைப் போற்ற வேண்டும்.

சரி, உங்கள் வரிக்கு வருகிறேன். 'வளைந்து கொடு' என்பதில் 'கொடு' வெறும் ஒட்டு அல்ல. எழுதிக் கொடுத்தார், வாங்கிக் கொடுத்தார் என்பது போல, செயல் இன்னொருவருக்காகச் செய்யப்படுகிறது என்று காட்டும் துணைவினை அது. வளைந்தார் என்றால் வளைந்தார், அவ்வளவுதான். வளைந்து கொடுத்தார் என்றால் அந்த வளைவை இன்னொருவருக்குக் கொடையாகக் கொடுத்தார். விட்டுக் கொடுத்தல், அசைந்து கொடுத்தல் எல்லாம் இதே குடும்பம். சொல்லின் அமைப்பைப் பார்த்தால் நீங்கள் எழுதியது பாராட்டுத்தான். குடும்பத்தில், நட்பில், கூட்டு வேலையில் அது பாராட்டாகவே விழும். "இரண்டு பேருமே கொஞ்சம் வளைந்து கொடுத்ததால்தான் குடும்பம் நடக்குது" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஆனால் அலுவலகம் வேறு. கோப்பும் விதியும் இருக்கிற இடத்தில் நாம் நேர்மையானவரை எப்படிப் புகழ்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "யாருக்கும் வளைந்து கொடுக்காத அதிகாரி" என்கிறோம். சட்டத்தை வளைத்தார், விதியை வளைத்தார் என்றால் குற்றச்சாட்டு. அந்தச் சூழலில் 'வளைந்து கொடுக்காதவர்' என்பதே பெரும் புகழாக நிலைத்துவிட்டபோது, அதன் மறுதலை தன்னால் பழியாகிவிடும். முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட ஒருவர் காதில், கூட்டத்தின் நடுவே, நீங்கள் எழுதிய வரி "யார் வந்து கேட்டாலும் காரியம் முடித்துக் கொடுத்தவர்" என்று விழுந்திருக்கும். உங்கள் மனதில் அது இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. அவர் முகம் ஏன் வாடியது என்பதும் எனக்குப் புரிகிறது.

பெரும்பாலும் எதிர்மறையிலேயே உயிர் வாழும் சொற்கள் இந்தக் கூட்டத்தில் நிறைய உண்டு. 'மசி' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு மசியும், கீரை மசியும். மனிதரிடம் வரும்போது "எதற்கும் மசியமாட்டார்" என்றுதான் சொல்கிறோம். "அவர் நன்றாக மசிவார்" என்று யாரும் பாராட்டுவதில்லை. 'வழிக்கு வரமாட்டான்', 'பிடி கொடுக்கமாட்டார்', 'அசைந்து கொடுக்கமாட்டார்' எல்லாம் இப்படித்தான். இவற்றைத் திருப்பி நேர்மறையாக்கி ஒருவருக்குச் சூட்டினால் கண்டிப்பாக உறுத்தும். மடலோ நற்சான்றோ எழுதும்போது ஒரு சொல்லை வைத்துவிட்டு, இதன் எதிர்மறை நம் ஊரில் புகழ்ச்சியாக வழங்குகிறதா என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். வழங்குகிறது என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுவேன்.

இனி உலோகத்துக்கு வருகிறேன். தகடாகும் தன்மையும் கம்பியாகும் தன்மையும் ஒன்று போலத் தெரியும், ஆனால் வேறு வேறு. அடித்தால் உடையாமல் பரவுவது முதலாவது. இழுத்தால் அறாமல் நீள்வது இரண்டாவது. தங்கம் இரண்டிலும் முதலிடம். 1 கிராம் தங்கத்தை 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான கம்பியாக இழுக்கலாம், ஏறக்குறைய 1 சதுர மீட்டர் தகடாகவும் தட்டலாம். காரீயமோ சுத்தியலுக்குச் சுகமாகப் பரவும், கத்திக்கும் வெட்டுப்படும், ஆனால் மெல்லிய கம்பியாக இழுக்கப் போனால் அறுந்துவிடும். வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் இரண்டுக்குமே ஒத்துவராது. வார்ப்பிரும்புத் தோசைக்கல் கை தவறி விழுந்து விண்டுபோனதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரும்புத் தகட்டில் செய்த கல் அதே உயரத்திலிருந்து விழுந்தால் நசுங்கும், உடையாது.

அப்பா கம்பி இழுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். பட்டடையில் அடித்து நீட்டிய தங்கக் குச்சியின் ஒரு முனையை அரத்தால் கூராக்கி, கம்பியச்சின் துளையில் நுழைத்து, மறுபக்கம் குறடால் பிடித்து இழுப்பார். பிறகு அதைவிடச் சிறிய துளை. அப்புறம் இன்னும் சிறியது. நாலைந்து துளை தாண்டியதும் கை நின்றுவிடும். கம்பியை விரலால் லேசாக நெம்பிப் பார்ப்பார். "இறுகிப்போச்சு, இனி இழுத்தா அறுந்துடும்" என்று சொல்லி, குமுட்டி அடுப்பில் தணலைக் கிளறி, ஊதுகுழலால் ஊதி, கம்பி மங்கலாகச் சிவக்கும்வரை காட்டுவார். ஆறிய பிறகு அதே கம்பி நூல் மாதிரி துவளும். திரும்பவும் அச்சில் ஏறும். அடிக்க அடிக்க, இழுக்க இழுக்க உலோகம் இறுகும் என்பதும், சூடு காட்டி ஆறவிட்டால் மறுபடி இளகும் என்பதும் எந்த உலோகவியல் புத்தகத்திலும் இருக்கும் உண்மை. நான் அதைப் படித்ததற்குப் பல வருடம் முன்னாலேயே அப்பாவின் விரலில் பார்த்திருந்தேன். வளைகிற பொருள் எப்போதும் வளைந்துகொண்டே இருக்காது. தொடர்ந்து இழுபட்ட தங்கமும் அறுந்துபோகும்.

தகடாகும், கம்பியாகும் என்பவற்றை நேராக மனிதருக்குச் சொல்ல முடியாது, யாரும் சொல்வதும் இல்லை. ஆனால் அந்த இரண்டு கருத்தும் நம் பேச்சில் வேறு உருவத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. "இழுத்த இழுப்புக்கெல்லாம் வருவான்" என்கிறோமே, அது கம்பியாவதுதான். கேட்பவர் காதில் அது நல்லதாக விழாது, ஏனென்றால் இழுப்பது இன்னொரு கை. "ஆட்டி வைத்தபடி ஆடுவார்" என்பதும் அப்படித்தான். 'தலையாட்டி பொம்மை' என்று ஒருவரை ஏசுகிறோம். தஞ்சாவூர்க்காரனாக இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கழுத்தை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும் பொம்மைக்கு அந்தப் பேச்சு சரி. அடியில் கனம் வைத்துச் செய்கிற இன்னொரு தஞ்சாவூர்ப் பொம்மை இருக்கிறது. அதை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்த்தாலும் விட்டவுடன் நிமிர்ந்து நின்றுவிடும். அதைச் சொல்லி ஒருவரை ஏசுவது பொருந்தாது.

அந்தப் பொம்மை காட்டுகிற வேறுபாடு இயற்பியலிலும் முக்கியம். வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது மீட்சி. வில்லும் பிரம்பும் ரப்பரும் இந்த வகை. கொடுத்த உருவத்தை அப்படியே வைத்துக்கொள்வது வேறு. பிசைந்த களிமண் அந்த வகை. பேச்சுத் தமிழில் முதலாவதற்கு 'வளை'யும் இரண்டாவதற்குக் 'குழை'யும் பெரும்பாலும் பொருந்தி வருகின்றன. குழைந்த சோறு திரும்ப உதிரியாகாது. ஒருவர் "குழைந்து குழைந்து பேசினார்" என்றால், தனக்கென்று ஓர் உருவமே இல்லாமல் போனார் என்ற இகழ்ச்சி அதில் இருக்கிறது. 'நெகிழ்' இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்று பெயர் வைத்தோம். நெகிழ்வான வேலை நேரம் என்பதும் இப்போது சகஜம். ஆனால் மனிதர் நெகிழ்ந்தார் என்றால் இன்றைக்கும் கண் கலங்கினார் என்றுதான் முதலில் தோன்றும். அதனால் 'நெகிழ்வானவர்' என்று மடலில் எழுதியிருந்தால் கோபம் வந்திருக்காது, ஆனால் பொருள் தெளிவாக விழுந்திருக்காது.

பொருளுக்கும் மனிதருக்கும் பொதுவாக நம்மிடம் உள்ள நல்ல சொல் 'பதம்'. உழவுக்கு நிலத்தில் பதம் இருக்க வேண்டும். களிமண்ணுக்குப் பதம் உண்டு. அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவர்கள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. மெத்தென்று உருண்டால் உடனே இறக்கி மாவைக் கொட்ட வேண்டும். தாமதித்தால் கல்லாகிவிடும். வளையும் தன்மை ஒரு பொருளின் நிரந்தரக் குணம் இல்லை, ஒரு நேரத்தில் வந்து போகிற நிலை என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மனிதருக்கு வரும்போது இதே எண்ணம் 'பக்குவம்' ஆகிறது. கிராமத்தில் காளையை ஏருக்குப் பழக்குவதை வசக்குவது என்பார்கள். அவசரப்பட்டு அடிப்பவரிடம் மாடு முரண்டு பிடிக்கும், பிறகு சண்டி என்று பெயர் வாங்கிவிடும். சண்டித்தனம் மாட்டின் குணமா, பழக்கியவரின் குறையா என்று நான் பார்த்த நல்ல உழவர்கள் கேட்பார்கள்.

இணக்கம் என்ற சொல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்த வரியில் இது பொருந்தியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இணக்கம் இரண்டு பக்கமும் இருந்தால்தான் வரும். ஒருவர் மட்டும் வளைந்தால் அது இணக்கம் ஆகாது. "இணக்கம் அறிந்து இணங்கு" என்று ஆத்திசூடியில் படித்திருப்போம். ஆராய்ந்து, தெரிந்து, அதன் பிறகு சேர்வது. ஆனால் வினையாகும்போது கவனம் வேண்டும். "அவர் இணங்கினார்" என்றால், முதலில் மறுத்துப் பிறகு ஒப்புக்கொண்டார் என்ற நிழல் விழும். 'ஆணைக்கு இணங்க' என்பதில் அறிதலும் இல்லை, தேர்வும் இல்லை. இந்த ஒரு சொல்லில் மட்டும் பெயர்ச்சொல் வினையைவிடக் கௌரவமானது. முன்னால் வினையில் எழுதச் சொன்ன என் யோசனைக்கு இது விதிவிலக்கு.

பேச்சில் நாம் அதிகம் சொல்வது 'அனுசரித்துப் போகிறவர்'. நல்ல, பழகின சொல். ஆனால் அது யாரிடம் சொல்லப்படுகிறது என்று கவனித்திருக்கிறேன். கல்யாணம் முடிந்து கார் ஏறப் போகும் பெண்ணிடம் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று நாலு பேராவது சொல்வார்கள். மாப்பிள்ளையிடம் யாராவது அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. புதிதாகச் சேர்ந்த ஊழியரிடம் சொல்வார்கள், மேலாளரிடம் சொல்ல மாட்டார்கள். எப்போதும் கீழே இருப்பவரை நோக்கியே போகும் சொல்லை, மேலே இருந்து இறங்கும் ஒருவருக்குச் சூட்டினால் அவர் வாழ்நாள் முழுக்கக் கீழே இருந்ததாகத் தோன்றிவிடும். அதனால் இதையும் மடலுக்கு நான் சொல்ல மாட்டேன். ஊழியர்களிடம் இவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும் என்றால் 'அரவணைத்துப் போனவர்' என்பது சரியாக இருக்கும், கை அவருடையது என்பதால்.

அதைவிட நல்லது என்று எனக்குப் படுவது வேறொன்று. 'விட்டுக் கொடு' என்ற வினைக்கு ஓர் அபூர்வ அழகு உண்டு. "விட்டுக் கொடுப்பவர்" என்றால் தனக்கு வரவேண்டியதைப் பிறருக்குத் தருபவர். "யாரையும் விட்டுக் கொடுக்காதவர்" என்றால், தன்னை நம்பியவர்களைப் பிறர் முன்னால் குறைத்துப் பேச விடாதவர். நேர்மறையும் எதிர்மறையும் இரண்டுமே புகழ்ச்சியாக நிற்கிற வினை இந்தக் கூட்டத்தில் வேறு எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியிருந்தீர்கள். தீபாவளி விடுப்பை ஒவ்வொரு வருடமும் இளையவர்களுக்குத் தந்துவிட்டுத் தான் அலுவலகம் வந்தார். உங்கள் பிரிவின் மேல் தணிக்கையில் கேள்வி வந்தபோது, பதிலைத் தானே எழுதிக் கையெழுத்திட்டார். வளைவு பற்றிய எந்தச் சொல்லும் இல்லாமல் இந்த இரண்டையும் அப்படியே எழுதலாம்: "தன் விடுப்பை எங்களுக்கு விட்டுக் கொடுத்தார், தணிக்கையில் எங்களை விட்டுக் கொடுக்கவில்லை." மடல் அச்சாகிவிட்டது, திருத்த முடியாது. ஒரு வெள்ளைத் தாளில் இந்த வரியைக் கையால் எழுதி, அன்றைக்கு என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதையும் கீழே இரண்டு வரி சேர்த்து, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.